யாளியின் பல்லும் தெரியணும், முற்றமும் வெளுக்கக் கூடாது: போனில் எச்.டி.ஆர். படம்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில், காலை பதினொரு மணி வாக்கில் நின்று வெளியே பாருங்கள். முற்றத்துக் கல் வெயிலில் தகதகக்கும். கைக்கெட்டும் தூரத்துத் தூணில் யாளி வாயைப் பிளந்து நிற்கும். அதன் பல், பிடரி, கீழே குதிரை வீரனின் முழங்கால் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும். போனை எடுத்து அமுக்கினால் மட்டும் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். யாளி தெரிந்தால் முற்றம் வெள்ளைத் தாள். முற்றம் தெரிந்தால் யாளி கரிக்கட்டை.

இதற்குக் காரணம் போன் மட்டம் என்பதல்ல, கணக்குதான். எஃப் 1.8 (திறப்பின் அளவு) லென்ஸ் உள்ள போனில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 50 வைத்தால், உச்சி வெயிலில் கிடக்கும் கல்லுக்கு ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/4000 நொடி தேவைப்படும். மண்டபத்துக்குள் தூணின் மேல்பகுதிக்கு 1/30 வரை இறங்க வேண்டியிருக்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 1/4000க்கும் 1/30க்கும் நடுவே ஏழு ஸ்டாப், அதாவது ஏறத்தாழ 128 மடங்கு. இது இரண்டு இடங்களின் நடுத்தர அளவு மட்டும்தான். முற்றத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் அது இன்னும் ஒன்றரை ஸ்டாப் மேலே போகும். யாளியின் வாய்க்குள் இருக்கும் இருட்டு இரண்டு மூன்று ஸ்டாப் கீழே கிடக்கும். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ பதினொரு ஸ்டாப். ஒரே ஒரு ஜேபெக் படம் இதைத் தாங்காது. கண் தாங்குவதற்குக் காரணம், அது ஒவ்வொரு இடமாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டு, மனசுக்குள் ஒட்டவைத்துக்கொள்கிறது. எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) என்பது அதே வேலையைப் படத்தில் செய்வது. வெளிச்சத்துக்கு ஒரு படம், இருட்டுக்கு ஒரு படம் எடுத்து, இரண்டிலும் நல்ல பகுதியை மட்டும் சேர்ப்பது.

யோசனை புதிதல்ல. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். போனுக்கு இது பரவலாக வந்தது 2010இல், ஐபோன் 4இன் மென்பொருள் புதுப்பிப்போடு. கூகுள் பொறியாளர்கள் வேறொரு வழியைப் பிடித்தார்கள். அவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விவரித்த முறைப்படி, போன் பல படங்களை ஒரே குறைந்த எக்ஸ்போஷரில் (படத்துக்குள் விடும் வெளிச்ச அளவு) மளமளவென்று எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுக்கும். ஒன்பது படங்களைச் சராசரி எடுத்தால் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வானமும் வெளுக்காது, இருட்டும் சுத்தமாக வரும்.

போனே இவ்வளவும் செய்யும்போது தனிச் செயலி எதற்கு என்று கேட்கலாம். போனின் தானியங்கி எச்.டி.ஆர். எல்லா நிழலையும் ஒரே மாதிரி தூக்கிவிடும், அதாவது வெளிச்சமாக்கிவிடும். பிறந்தநாள் கேக் படத்துக்கு அது சரி. கற்சிற்பத்துக்கு அது கேடு. கருங்கல்லில் நிற வேறுபாடு கிடையாது, சாம்பல் மேல் சாம்பல்தான். உளி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை நமக்குச் சொல்வது நிழல் ஒன்றே. நிழலை முழுக்கத் தூக்கிவிட்டால் யாளியின் கண்குழி மேடாகிவிடும், பிடரிச் சுருள் சப்பட்டையாகிவிடும், முழுத் தூணும் பிளாஸ்டர் வார்ப்பு மாதிரி ஆகிவிடும். ஆகவே நல்ல எச்.டி.ஆர். படத்துக்கு ஒரே அளவுகோல்தான் வைக்கலாம்: இருட்டு இருட்டாகவே இருக்கணும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியணும். எவ்வளவு தூக்குவது, எங்கே தூக்குவது என்று முடிவு செய்யும் உரிமை நம் கையில் இருக்கத்தான் செயலி.

வட ஆர்க்காட்டு வெளிச்சம்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பிவிட்டார். ஆறும் மலையும் பெரும்பாலான மாதங்களில் சொன்னபடிதான். படம் எடுப்பவருக்கு இந்த இரண்டும் முக்கியம். மொட்டைப் பாறை வெயிலை அப்படியே திருப்பி அடிக்கும். மார்ச் முதல் ஜூன் வரை நடுப்பகலில் வானம் நீலமாக இருக்காது, மோர் மாதிரி வெளுத்திருக்கும். அதில் ‘நீலத்தை மீட்கிறேன்’ என்று ஸ்லைடரை இழுத்தால் அழுக்குச் சாம்பல்தான் வரும், ஏனென்றால் அங்கே மீட்க நீலமே இல்லை.

பாலாற்று மணல் மட்டும் ஒரு நன்மை செய்கிறது. வெளிர் மணல் வெயிலை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால் பாலத்தின் அடிப்பகுதி, மரத்தின் கீழ்க்கிளை இவையெல்லாம் எதிர்பார்த்ததைவிட வெளிச்சமாக இருக்கும். இருட்டுக் கல்தரை உள்ள மண்டபத்துக்கு ஏழு ஸ்டாப் என்றால் மணல்மேல் நிற்கும் பாலத்துக்குப் பல நேரம் ஐந்தே போதும். இடத்தைப் பார்த்ததும் எச்.டி.ஆர். போட்டுவிடக் கூடாது, முதலில் அளந்து பார்க்கணும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அளப்பது சுலபம். கேமராவை ப்ரோ முறைக்கு (அளவுகளைக் கையால் வைக்கும் முறை) மாற்றி, ஐ.எஸ்.ஓ.வைக் குறைந்த அளவில் நிறுத்துங்கள். விவரம் தெரிந்தாக வேண்டிய மிகப் பிரகாசமான இடத்துக்குக் காட்டி, மீட்டர் (வெளிச்சம் கூடுதலா குறைவா என்று காட்டும் அளவி) பூஜ்யத்துக்கு வரும் ஷட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, விவரம் தெரிந்தாக வேண்டிய மிக இருட்டான இடத்துக்குக் காட்டி அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை முறை இரட்டிப்பு என்று எண்ணுங்கள். நான்கு வரை சாதாரணப் படமே போதும். ஐந்து, ஆறு என்றால் ஒரே ஒரு ரா படம் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்துச் சமாளிக்கலாம். ஏழும் அதற்கு மேலும் என்றால் பல எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்ப்பதுதான் வழி.

திருவாரூர் தேரழகு என்று தொடங்கும் சொல்வழக்கில் விரிஞ்சிபுரத்துக்குக் கிடைத்தது மதிலழகு. அந்த மதிலை எடுக்க எச்.டி.ஆர். வேண்டவே வேண்டாம். முழுச் சுவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்கிறது. வெயில் சாய்வாக வழியும் நேரம் பார்த்துச் சாதாரணமாக எடுத்தாலே கல்லின் ஒவ்வொரு மூட்டும் எழுந்து நிற்கும். அதை எச்.டி.ஆர். செயலியில் போட்டால் இருக்கிற சாய்வு நிழலும் போய்விடும்.

எடுக்கும்போது

முதல் வேலை லென்ஸைத் துடைப்பது. எல்லாரும் தாண்டிப்போகிற இடம் இது. விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் வெளியிலிருந்து வரும் வெயில் சிதறி, படம் முழுக்க ஒரு வெளிறிய புகை போலப் படரும். அதனால் கறுப்பு கறுப்பாக இருக்காது. இருட்டில் உள்ள விவரம் அந்தப் புகைக்குள் மூழ்கிவிடும். எந்த ஸ்லைடரும் அதைத் திரும்பக் கொண்டுவராது. பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு துண்டு பையில் இருந்தால் போதும்.

அடுத்தது போன் அசையாமல் இருப்பது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அப்படிப்பட்ட இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். எனவே போனின் நீள விளிம்பைத் தூணின் சமமான பரப்பில் அழுத்திப் பிடியுங்கள். சிற்பத்தின் மேல் அல்ல, பட்டையான அடிப்பகுதியில். இரண்டு நொடி டைமர் வையுங்கள். திரையைத் தொடும் அசைவு அதற்குள் அடங்கிவிடும். சன்னதிப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

ப்ரோ முறையில் ஐ.எஸ்.ஓ. 50, அது இல்லாவிட்டால் 100. வெண்சமநிலையை ஆட்டோவில் விடாமல் 5300 கெல்வினில் நிறுத்துங்கள். விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும், சேர்க்கும்போது தூணின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்று பல்லிளிக்கும். ஃபோகஸையும் கையால் பூட்டுங்கள். ஃபோகஸ் நகர்ந்தால் படத்தின் அளவே ஒரு துளி மாறும், பிறகு விளிம்புகள் பொருந்தாது. மாற வேண்டியது ஷட்டர் ஒன்றுதான். மண்டபத்துக்கு 1/2000, 1/500, 1/125, 1/30 என்று நான்கு படங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு ஸ்டாப். வெளியே சுண்ணாம்புச் சுவர் இருந்தால் 1/4000 ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிக இருட்டான படத்தின் ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டாமல் இருக்கணும். மிக வெளிச்சமான படத்தில் அது இடது ஓரத்தை விட்டு நகர்ந்திருக்கணும். இரண்டும் சரியென்றால் நடுவில் எதுவும் தவறாது.

ஹிஸ்டோகிராமை நம்பச் சொல்வதற்கு இந்த ஊரில் தனிக் காரணம் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் போன் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையின் வெளிச்சத்தைத் தானே குறைத்துவிடும். திரை மங்கலாகத் தெரிவதால் படம் இருட்டு என்று நினைத்து எக்ஸ்போஷரை ஏற்றுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் முற்றம் வெளுத்து எரிந்துபோயிருக்கும். கவரைக் கழற்றிவிட்டு, இரண்டு தொகுப்புக்கு நடுவே போனை நிழலில் வையுங்கள்.

ஓரளவு எரிந்த வெளிச்சத்தை மீட்க முடியும் என்று பலரும் நம்புகிறார்கள். வெளிச்சம் நிரம்பி வழிந்த இடத்தில் சென்சார் எழுதியிருப்பது ஒரே எண்தான். அங்கே கல்லும் இல்லை, மேகமும் இல்லை. இருட்டில் நிலைமை வேறு, அங்கே தகவல் இருக்கும், ஆனால் கொஞ்சமாக இருக்கும். பத்து பிட் ரா கோப்பில் மொத்தம் 1024 படிகள். அதில் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் மட்டும் 512 படிகளை எடுத்துக்கொள்ளும். அடுத்த ஸ்டாப்புக்கு 256, பிறகு 128, 64, 32, 16. ஏழாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிச்சம் எட்டே படிகள். யாளியின் முகம் முழுவதும் அந்த எட்டுப் படிகளில் எழுதப்பட்டிருந்தால், அதைத் தூக்கும்போது புள்ளியும் பட்டையுமாகத்தான் வரும். மண்டபத்துக்கு ஒற்றை ரா போதாது, 1/30இல் தனியாக ஒன்று வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அந்தப் படத்தில் யாளியின் முகம் எட்டுப் படிகளில் இல்லை, நடுவில், படிகள் தாராளமாக உள்ள இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஸ்னாப்சீடில் கையால் சேர்ப்பது

கூகுளின் ஸ்னாப்சீட் இலவசம், பழைய போனிலும் ஓடும். ஆனால் நான்கு படங்களைக் கொடுத்தால் தானே சேர்த்துத் தரும் வசதி அதில் இல்லை. அதில் உள்ள ‘எச்டிஆர் ஸ்கேப்’ என்ற கருவி ஒற்றைப் படத்துக்கு எச்.டி.ஆர். தோற்றம் தருவது மட்டும்தான். நிஜமாகச் சேர்க்க ‘டபுள் எக்ஸ்போஷர்’ கருவியைப் பயன்படுத்தணும். கொஞ்சம் பொறுமை வேண்டும், பலன் உண்டு. ஐபோனில் 2025இல் வந்த மூன்றாம் பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறின. வேலை செய்யும் முறை அதேதான்.

முதலில் 1/30 படத்தைத் திறங்கள். தூண் நன்றாகத் தெரியும், முற்றம் வெள்ளை. ‘டியூன் இமேஜ்’ சென்று பிரைட்னஸை −20 அளவுக்குக் குறையுங்கள். வெளிச்சமாக எடுத்துப் பிறகு இருட்டாக்குவது வீண்வேலை மாதிரி தோன்றும். அப்படிச் செய்தால் நாய்ஸும் சேர்ந்து அமுங்கும். இருட்டாக எடுத்துத் தூக்கினால் நாய்ஸும் சேர்ந்து தூக்கும்.

பிறகு ‘டபுள் எக்ஸ்போஷர்’. படம் சேர்க்கும் பொத்தானைத் தொட்டு 1/2000 படத்தைக் கொண்டுவாருங்கள். விரலால் நகர்த்தவோ பெரிதாக்கவோ வேண்டாம், போன் அசையவில்லை என்றால் அது தானே பொருந்தி உட்காரும். கலப்பு முறை ‘டிஃபால்ட்’. ஒளிபுகும் அளவைக் குறிக்கும் துளிச் சின்னத்தைத் தொட்டு ஸ்லைடரை வலது கோடிக்கு இழுங்கள். இப்போது மேலே உள்ள படம் கீழே உள்ளதை முழுக்க மூடிவிடும். டிக் கொடுங்கள். எல்லாம் இருட்டாகிவிட்டதே என்று பதற வேண்டாம்.

மேலே உள்ள அடுக்குச் சின்னத்தில் ‘வியூ எடிட்ஸ்’ திறந்து, டபுள் எக்ஸ்போஷர் வரியைத் தொட்டால் பக்கத்தில் மூன்று சின்னங்கள் வரும். நடுவில் இருக்கும் தூரிகையைத் தொடுங்கள். இனி எங்கே தீட்டுகிறோமோ அங்கே மட்டும் 1/2000 படம் தெரியும். அளவு 100 வைத்து முற்றத்தின் நடுப்பகுதியைத் தீட்டுங்கள். தூரிகையின் பருமன் மாறாது, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினால் தூரிகை ஒப்பளவில் சிறிதாகும். தூணின் விளிம்புக்கு வரும்போது நன்றாகப் பெரிதாக்கி, அளவை 50க்குக் குறைத்து ஓரமாக வாருங்கள். பிசகினால் 0 வைத்து அழிக்கலாம். எங்கெல்லாம் தீட்டியிருக்கிறோம் என்று பார்க்கக் கண் சின்னம் இருக்கிறது, சிவப்பாகக் காட்டும்.

தரைதான் கஷ்டமான இடம். வெயில் மண்டபத்துக்குள் கொஞ்ச தூரம் வந்து மெதுவாகத் தேய்கிற அந்த முழ நீளத்தில், ஒரேயடியாக வெளிப்படத்திலிருந்து உட்படத்துக்குத் தாவினால் தரையில் கோடு விழும். இங்கேதான் நடுவில் எடுத்த 1/125 படம் உதவும். இதுவரை செய்ததைச் சேமித்துவிட்டு, அதே டபுள் எக்ஸ்போஷர் முறையில் அதைக் கொண்டுவந்து, தரைப் பட்டையில் மட்டும் 25, 50 என்று லேசாகத் தீட்டுங்கள். 1/500 படம் பல நேரம் தேவைப்படாது. முற்றத்தில் மர நிழல் விழுந்திருந்தால் அதையும் சேருங்கள்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். வெளியும் உள்ளும் ஒரே வெளிச்சத்துக்கு வரும்வரை இழுப்பது. எல்லாம் தெரிகிறது, ஆனால் முற்றம் ஒட்டுப்போட்ட போஸ்டர் மாதிரி நிற்கும். வெளியே எப்போதும் இரண்டு ஸ்டாப்பாவது பிரகாசமாக இருக்கணும். உள்ளே நிற்பவருக்கு வெளியே கண் கூசணும், கொஞ்சமாவது. 1/4000ஐ விட்டுவிட்டு 1/2000 படத்தைச் சேர்க்கச் சொன்னது அதனால்தான்.

அடுத்து நிறம். நிழலில் உள்ள கல்லுக்கு வெளிச்சம் நேர் வெயிலிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் திறந்த வானத்திலிருந்து வருகிறது. அது நீலம். இருட்டாக இருக்கும்வரை தெரியாது, தூக்கியதும் யாளிக்கு நீலச் சாயம் பூசினது போல ஆகிவிடும். ‘பிரஷ்’ கருவியில் ‘டெம்பரேச்சர்’ எடுத்து +5 வைத்துத் தூணை மட்டும் ஒரு தரம் தேயுங்கள். மொத்தப் படத்துக்கும் வார்ம்த் ஏற்றினால் முற்றம் மஞ்சள் குளித்துவிடும்.

கடைசியாக ‘டீடெயில்ஸ்’ கருவியில் ஸ்ட்ரக்சர் +10 முதல் +15. அதையும் வியூ எடிட்ஸ் வழியாக யாளியின் முகம், பிடரி, குதிரையின் கழுத்து இவற்றில் மட்டும் தீட்டுங்கள். தரைக்கும் வானத்துக்கும் ஸ்ட்ரக்சர் தரக் கூடாது.

கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம்

எச்டிஆர் ஸ்கேப் பற்றிச் சொல்லியாகணும், ஏனென்றால் கோயில் படங்களைக் கெடுப்பதில் அதற்குத்தான் முதலிடம். அதில் நேச்சர், பீப்பிள், ஃபைன், ஸ்ட்ராங் என்று நான்கு வகை. தொட்டதும் படம் பொரிந்து எழும்பும். பார்க்க ஜோராக இருக்கும், இரண்டு நிமிடம் கழித்துக் கண் வலிக்கும்.

ஏழு நிலை ராஜகோபுரத்தை வானத்துக்கு எதிராக எடுத்து இதைப் போட்டால் கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் வரும். இந்த வகைக் கருவி ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டு, இருட்டுப் பகுதியை ஏற்றுகிறது, வெளிச்சப் பகுதியை இறக்குகிறது. வானத்தின் நடுவில் சுற்றிலும் வெளிச்சம்தான், நன்றாக இறக்கும். கோபுரத்தை ஒட்டிய வானத்தில் அக்கம்பக்கம் பாதி வானம், பாதி இருண்ட சுதை. சராசரி குறைவாக வருவதால் அந்த இடத்தை மட்டும் போதுமான அளவு இறக்காமல் விட்டுவிடும். விட்டுப்போன அந்தப் பட்டைதான் ஒளிவட்டம். வானத்தை இன்னும் இருட்டாக்கினால் வட்டம் இன்னும் பளிச்சென்று தெரியும். குறைக்க ஒரே வழி பலத்தைக் குறைப்பது: நேச்சர், ஃபில்டர் ஸ்ட்ரெங்த் +20க்குள், சாச்சுரேஷன் −15. பிறகு வியூ எடிட்ஸில் கோபுரத்தின் உள்பக்கம் மட்டும் தீட்டி, விளிம்புக்கு ஒரு விரல் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சுதைச் சிற்பங்களுக்கு ஏற்கெனவே வண்ணம் இருக்கிறது, அதற்குமேல் நிறம் ஏற்றுவது அநியாயம்.

மரங்களும் மனிதர்களும் வேறு வகைத் தொல்லை. நான்கு படங்களுக்கு இடையே வேப்பங்கிளை ஆடினால் இலை இரட்டையாகத் தெரியும், நடந்துபோகிறவர் பாதி ஆவியாக நிற்பார். கையால் தீட்டிச் சேர்ப்பதில் இருக்கும் பெரிய நன்மை இங்கே வெளிப்படும். ஆடுகிற பொருள் முழுவதையும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொண்டால் ஆவி வராது. திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்கும் இதே விதிதான். மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் ஜோதியை, எடுத்ததில் மிகக் குறைந்த எக்ஸ்போஷர் படத்திலிருந்து மட்டும் எடுங்கள். மலைச் சரிவையும் ஊர் விளக்கையும் நீண்ட எக்ஸ்போஷரிலிருந்து எடுங்கள். தீபச் சுடரில் சிவப்பு வண்ணம்தான் முதலில் நிரம்பி வழியும். வெள்ளை ஹிஸ்டோகிராம் சரியாக இருந்தாலும் சிவப்புக் கோடு வலது ஓரத்தில் ஒட்டியிருந்தால் சுடர் வெறும் மஞ்சள் பொட்டாகிவிடும்.

அகழிக்கு ஒரே ஒரு ரா

சாயங்கால அகழிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சூரியன் இறங்கியபின் வானத்துக்கும் கோட்டைச் சுவருக்கும் இடையே ஐந்தாறு ஸ்டாப்தான் இருக்கும். அகழி நீரும் கொக்கும் அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒற்றை ரா படமே நல்லது. நம் பக்கம் அந்தி சீக்கிரம் அடங்கிவிடும். சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குள் வேலையை முடிக்கணும்.

லைட்ரூம் செயலியின் கேமராவில் டி.என்.ஜி. (ரா கோப்பு வகை) தேர்ந்தெடுத்து, வானம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை −1 வரை இறக்கி எடுங்கள். ஏற்ற போன்களில் அதே கேமராவில் எச்.டி.ஆர். முறையும் உண்டு, பல படம் எடுத்துத் தானே ஒரு டி.என்.ஜி.யாகச் சேர்த்துத் தரும். மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்துவது) முதலிய சில வசதிகளுக்குச் சந்தா கேட்கும். அடிப்படை வெளிச்ச ஸ்லைடர்களுக்குக் கேட்காது.

தொடங்க ஒரு அளவு: எக்ஸ்போஷர் +0.7, ஹைலைட்ஸ் −60, ஷேடோஸ் +35, ஒயிட்ஸ் +10, பிளாக்ஸ் −12. ஷேடோவை ஏற்றிவிட்டு பிளாக்ஸை இறக்காமல் விட்டால் படம் சாம்பல் பூத்துவிடும், இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்துதான் நகரணும். ஸ்லைடரை நகர்த்தும்போது இன்னும் இரண்டு விரலைத் திரையில் வைத்துப் பிடித்தால் எரிந்த இடமும் கறுப்பாக அடைந்துபோன இடமும் மட்டும் தனியாகத் தெரியும். டெக்ஸ்சர் +15 கருங்கல்லுக்கு அழகு சேர்க்கும். கிளாரிட்டி எட்டைத் தாண்ட வேண்டாம்.

நீரில் விழும் பிம்பம் எப்போதும் நிஜப் பொருளைவிட இருட்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் நீர் தன்மேல் விழும் வெளிச்சம் முழுவதையும் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். ஷேடோஸை ஏற்றும்போது பிம்பமும் சேர்ந்து ஏறி, தண்ணீரில் உள்ள வானம் மேலே உள்ள வானத்துக்குச் சமமாகிவிட்டால் பார்ப்பவருக்கு என்ன தவறென்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்பமாட்டார். நீர்ப்பகுதியை மட்டும் அரை ஸ்டாப் கீழே இறக்கிவையுங்கள். சந்தா இல்லாவிட்டால் படத்தைச் சேமித்து ஸ்னாப்சீடின் பிரஷ்ஷில் எக்ஸ்போஷர் −0.3 வைத்துத் தேய்த்தாலும் போதும்.

ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி மேலிருந்து பள்ளத்தாக்கை எடுக்கிறவர்கள் டிஹேஸ் (புகைமூட்டம் நீக்கும்) ஸ்லைடரைத்தான் முதலில் தேடுகிறார்கள். 15 வரை சரி. அதற்குமேல் வானத்தில் நாய்ஸ் கிளம்பும், மலை நீலத்தில் முங்கும். தூரத்து மலை மங்கலாக இருப்பதால்தான் தூரம் என்று தெரிகிறது. கடைசி வரிசை மலையின் புகைமூட்டத்தைத் தொடாமல், முன்னால் இருக்கும் பாறையில் மட்டும் டிஹேஸ் தந்தால் பள்ளத்தாக்கின் ஆழம் அப்படியே நிற்கும். ஸ்ரீபுரம் பொற்கோயில் வளாகத்துக்குள் போனே கொண்டுபோக முடியாது, அதனால் தங்கத்தை எடுப்பது பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

சேமிப்பு, அனுப்புதல், பிரிண்ட்

‘கேலரியில் பளபளவென்று இருந்தது, செயலியில் சேமித்ததும் மங்கிவிட்டது’ என்ற புகார் இப்போது அதிகம். எச்.டி.ஆர். என்ற ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள் நடமாடுவதால் வரும் குழப்பம் இது. நாம் இதுவரை பேசியது அகன்ற வெளிச்சத்தைச் சாதாரணப் படத்துக்குள் அடக்குவது. மற்றொன்று, திரையையே கூடுதல் பிரகாசமாக எரியவைப்பது. ஆண்ட்ராய்டு 14 முதல், அதாவது 2023 முதல், ‘அல்ட்ரா எச்.டி.ஆர்.’ என்ற பெயரில் படக் கோப்புக்குள்ளேயே எந்த இடம் எவ்வளவு கூடுதலாக எரியணும் என்ற ஒரு தனி வரைபடம் வைக்கப்படுகிறது. அதைப் புரிந்துகொள்ளாத செயலியில் திருத்திச் சேமித்தால் அந்த வரைபடம் கழன்றுவிடும். படம் கெடவில்லை, கூடுதல் பிரகாசம் மட்டும் போய்விட்டது. ப்ரோ முறையில் தனித்தனியாக எடுத்துச் சேர்த்த படத்துக்கு இந்தத் தொல்லை பொதுவாக வராது.

ஸ்னாப்சீட் அமைப்புகளில் ஜேபெக் தரத்தை 100 சதவீதமாக வையுங்கள். அந்தி வானத்தில் வளையம் வளையமாகப் பட்டை தெரிந்தால் அது எட்டு பிட் ஜேபெக்கின் 256 படிகள் போதாமல் வருவது. வானத்தை இழுத்ததைப் பாதியாகக் குறைத்து, துளி கிரெயின் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள், பட்டை கலைந்துவிடும். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கும், நாம் பாடுபட்டுக் காப்பாற்றிய இருட்டு விவரம்தான் முதலில் சதுரம் சதுரமாக உடையும்.

பிரிண்ட் போடுவதென்றால் கணக்கு: 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 13.3க்கு 10 அங்குலம் கச்சிதமாக வரும். 12க்கு 18 வேண்டுமானால் மேலும் கீழும் வெட்டி, அங்குலத்துக்கு 222 புள்ளி கிடைக்கும். சுவரில் மாட்டி நாலடி தள்ளிப் பார்க்க அது போதும். திரை தானே ஒளி விடும், தாள் விடாது. ஆகவே திரையில் சரியாக இருந்த இருட்டு தாளில் அடைந்துபோகும். திரையின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, பாதி அளவில் நிறுத்தி, பிரிண்டுக்கென்று தனிப் பிரதி ஒன்றில் ஷேடோஸை +10 ஏற்றுங்கள். தாள் மேட் ஆகவே இருக்கட்டும், கிளாஸி தாளில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் கருங்கல்லின் இருட்டுப் பகுதி தெரியாது. முதலில் அந்தப் பிரதியை 4க்கு 6 அளவில் ஒன்று மட்டும் போடச் சொல்லி, ஸ்டூடியோ டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்காமல், வாசலுக்கு வந்து பகல் நிழலில் வைத்துப் பாருங்கள். யாளியின் வாய்க்குள் கறுப்பு அப்பிக் கிடந்தால் ஸ்னாப்சீடின் டாட்ஜ் (வெளிச்சமாக்கும்) பிரஷ்ஷில் +5, பல்வரிசைமேல் ஒரே ஒரு தரம். பிறகு பெரிய பிரிண்டுக்குக் கொடுங்கள்.